பவுடர் ரெண்டு டின்

அக்கா மகன் அடுத்த மாதம் தெக்கோங் தீவுக்குப் போகிறான். தேசிய சேவை. போன வாரம் வாட்ஸ்அப்பில், "மாமா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும், லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன். ஜிப்லாக் பைகள் ஒரு கட்டு. காலுறை, உள்ளாடை எல்லாவற்றையும் செட் செட்டாகப் பிரித்து மழையில் நனையாமல் வைக்க. நல்ல பூட்டு இரண்டு. எல்லாப் பொருளிலும் பெயர் எழுத கறுப்பு மார்க்கர். ரப்பர் செருப்பு. ஸ்நேக் பிராண்ட் வேர்க்குருப் பவுடர் ரெண்டு டின்.

"பவுடர் ஏன் ரெண்டு?" என்று திருப்பிக் கேட்டான். அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத வரவில்லை. இங்கே எழுதுகிறேன். அவனுக்காக மட்டும் இல்லை, அவனைப் போலப் போகிற பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும்.

சிங்கப்பூருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே 1967 முதல் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய சேவை. 18 வயதானதும் அழைப்பு வரும். உயர்கல்வி நுழைவுப் படிப்போ பாலிடெக்னிக்கோ முடிக்கிற வரை தள்ளிவைப்பார்கள், அப்புறம் போய்த்தான் ஆக வேண்டும். ராணுவமா, போலீஸா, குடிமைத் தற்காப்புப் படையா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். முழுநேரம் இரண்டு ஆண்டு. என் அப்பா காலத்தில் பலருக்கு அது இரண்டரை. முடித்து வந்த பிறகும் வேலைக்கு நடுவே ஆண்டுக்கு ஒருமுறை முகாமுக்குக் கூப்பிடுவார்கள், பத்துச் சுற்று வரைக்கும். சீனர், மலாய்க்காரர், தமிழர், வக்கீல் மகன், டாக்சி ஓட்டுநர் மகன் எல்லாருக்கும் முதல் நாள் ஒரே மொட்டைதான்.

நான் 2009இல் போனேன். ராணுவ அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங்கில் முதல் நாள் பெட் ஒதுக்கியபோது பக்கத்து பெட்டில் இருந்தவன்தான் என் ஜோடி. ஆங்கிலத்தில் சொல்கிற 'படி' என்ற வார்த்தையைத்தான் எல்லாரும் சொல்வோம். தமிழில் எழுதினால் ஏணிப்படி மாதிரி இருக்கிறது, அதனால் ஜோடி என்றே வைத்துக்கொள்கிறேன். அவன் பெயரை எழுதவில்லை. பிளட்டூனில், அதாவது எங்கள் படைக்குழுவில், யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. முதல் இரவு வீட்டுக்குப் பேச அனுமதித்தபோது அவனுடைய பாட்டியின் குரல் போனைத் தாண்டி பங்க், அதாவது நாங்கள் படுக்கிற அறை, முழுக்கக் கேட்டது: "ஆ பாய்!" சின்னப் பையனைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். அவனை வளர்த்தது அந்தப் பாட்டிதான், அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அன்றிலிருந்து அவன் எங்கள் எல்லாருக்கும் ஆ பாய்.

ஜோடி என்பது முதலில் ஒரு வேலை. நட்பு அதற்குப் பிறகு, நீங்கள் கவனிக்காதபோது வந்து சேர்வது. அவன் முதுகுப் பையின் வாரை நான் இழுத்துக் கட்ட வேண்டும், என்னுடையதை அவன். காலையில் இரண்டு பேரும் வெப்பநிலை பார்த்துக்கொள்ள வேண்டும். வரிசையில் நின்று அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, காலி என்று காட்ட பாட்டிலைத் தலைக்கு மேல் கவிழ்ப்போம்; அவன் தலையில் தண்ணீர் சொட்டினால் நான் ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேள்வி வரும். கழிப்பறைக்குப் போனாலும் துப்பாக்கி கூடவே போகும், அதைப் பிடித்துக்கொள்ள ஜோடி போவான்.

முகத்தில் பூசுகிற பச்சை கறுப்பு மையை நீங்களே பூசிக்கொள்ளலாம். ஆனால் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சரியாக வராது. ஜோடிதான் பூச வேண்டும். ஒரு நாள் ஆ பாய் எனக்குப் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவன், "அவனுக்கு எதுக்கு மை, அவன் ஏற்கெனவே கறுப்புதானே" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியதுதான், நானும் சிரித்துவைக்கத் தயாரானேன். ஆ பாய் சிரிக்கவில்லை. என் காது மடலை மெல்ல முன்னால் மடக்கி, பின்பக்கம் ஒரு இடம் விடாமல் பூசி முடித்தான். அப்புறம் கிண்டல் செய்தவனைப் பார்த்து, "உன் கழுத்துதான் வெள்ளையா பளபளக்குது, இங்க வா" என்றான். அவ்வளவுதான். எதிர்த்துச் சண்டை போடவில்லை, பேருரை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கிண்டலை எங்கள் பங்க்கில் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

களப்பயிற்சியில் ஐந்து இரவு. படுத்தால் உடம்பு மறைகிற ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். தெக்கோங்கின் செம்மண் மேலே இளகும், ஒரு சாண் இறங்கினால் கல். குளியல் கிடையாது, பவுடர்தான் குளியல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் நடுவே என்று கொட்டித் தேய்த்துக்கொண்டால் அந்தக் குளிர்ச்சியில் பத்து நிமிடம் மனுஷனாக இருக்கலாம். மூன்றாவது நாள் சாயங்காலம், வீட்டிலிருந்து ரகசியமாக எழுதி வாங்கி வைத்திருந்த கடிதங்களைக் கொடுத்தார்கள். பெரிய பெரிய பையன்கள் எல்லாம் குழிக்குள் உட்கார்ந்து அழுதார்கள். ஆ பாயின் பாட்டிக்கு எழுத வராது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சீனத்தில் எழுத வைத்திருந்தார். அவன் அதை எனக்கு வரி வரியாகச் சொன்னான். நடுவில் ஒரு வரி: பக்கத்து பெட் இந்தியப் பையன் சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

அன்றைக்குத்தான் அவனுக்கு 'சாப்டியா' என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு அவன், வீட்டில் பேசும் சீன மொழியான ஹாக்கியெனில், 'ஜியாக் பா புவே' சொல்லிக் கொடுத்தான். அர்த்தம் அதேதான், சாப்பிட்டு வயிறு நிறைந்ததா என்று. அதன்பிறகு காலையில் கண் விழித்ததும் அவன் சாப்டியா என்பான், நான் ஜியாக் பா புவே என்பேன்.

தெக்கோங் முடிந்ததும் இரண்டு பேரையும் ஒரே காலாட்படைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அது அதிர்ஷ்டம். ஏழு பேர் கொண்ட செக்‌ஷன். அவனுக்கு அல்டிமேக்ஸ் இயந்திரத் துப்பாக்கி, எனக்கு சார் 21 ரைபிள். எங்கள் செக்‌ஷனில் அதிகச் சுமை அவனுக்குத்தான். ஆனாலும் மேட்டில் ஏறும்போது என் பையைப் பின்னாலிருந்து தள்ளுவான்.

அவன் 18 வயதிலேயே 2பி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான், 200 சிசி வரைக்கும் ஓட்டலாம். பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தான். ஞாயிறு இரவு பத்து மணிக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். பஸ், ரயில் என்று போனால் எட்டு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். பைக் இருந்தால் பாட்டியோடு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம் என்பதுதான் அவன் சொன்ன கணக்கு.

2010 ஜனவரி, ஒரு ஞாயிறு. மழைக்காலம். மறுநாள் காலையில் நான்கு நாள் களப்பயிற்சிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சாயங்காலம் அவனிடமிருந்து எஸ்எம்எஸ், பவுடர் இருக்கா என்று. இல்லை, எனக்கும் வாங்கு என்றேன். எத்தனை என்று கேட்டான். ரெண்டு, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று அனுப்பினேன்.

பத்து மணிக்கு சார்ஜன்ட் தலை எண்ணினார். முப்பத்தொன்று இருக்க வேண்டும், முப்பது இருந்தது. எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. லேட்டாக வந்தால் அவனுக்கு மட்டுமா, ஜோடிக்கும்தானே தண்டனை. என்ன சொல்லித் திட்டுவது என்று மனதில் வரிசை போட்டு வைத்திருந்தேன். அவனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவனுடைய பையை நானே அடுக்க ஆரம்பித்தேன், திட்டிக்கொண்டேதான்.

பதினொன்று நாற்பதுக்கு பிளட்டூன் கமாண்டர் வந்து விளக்கைப் போட்டார். அவருக்கும் 20 வயதுதான் இருக்கும். கையில் சின்ன நோட்டுப்புத்தகம். சொல்லும்போது குரல் போய்விடும் என்று பயந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார் என்பது பிற்பாடுதான் புரிந்தது. அதைப் பார்த்துப் படித்தார்: இன்னார் இன்று இரவு சாலை விபத்தில் இறந்துவிட்டார். மழையில் பைக் சறுக்கியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே இறந்துவிட்டார். இரண்டு முறை 'இறந்துவிட்டார்' என்றார். சுற்றி வளைக்கவில்லை. அந்த நேரம் அது கல்லால் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் பிற்பாடு அதற்காக அவருக்கு மனதார நன்றி சொன்னேன். ஏனென்றால் எதிர் பெட்டில் இருந்தவன், "சார், இப்ப எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்?" என்று கேட்டான். அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் கேட்டான். மூடி மூடிச் சொல்லியிருந்தால் நாங்கள் விடிய விடிய நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என்றைக்காவது இப்படி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டிய நிலை வந்தால், நேரான வார்த்தையில் சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அவர் விடியும்வரை எங்கள் பங்க்கில், தரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை தலை எண்ணும்போது சார்ஜன்ட் "மொத்தம் முப்பத்தொன்று" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தினார். திருத்திச் சொல்லவும் இல்லை. "உள்ளே போங்க" என்றார்.

களப்பயிற்சியைத் தள்ளிவைத்தார்கள். சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டு, ஆ பாயின் லாக்கரை அவரோடு சேர்ந்து நான் காலி செய்ய வேண்டும் என்றார். முடியாது என்றேன். "வேற ஒருத்தன் கைவைக்க உனக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டார். போனேன். படைக்குத் திரும்பத் தர வேண்டியது ஒரு பக்கம், வீட்டுக்குப் போக வேண்டியது ஒரு பக்கம். ஒவ்வொன்றாக எடுத்து அவர் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். இந்த வேலையைத் தனியாக யாரும் செய்யக் கூடாது. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அவனுக்கு நெருக்கமானவராக இருக்க வேண்டும். பாட்டி பார்க்க வேண்டாதது ஏதாவது இருந்தால் அதை எடுத்து வைக்கத் தெரிந்தவனும் அவன்தான்.

அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன், இன்றுவரை மனசு ஆறாத தப்பு. லாக்கரின் அடியில் அழுக்குத் துணிப் பை இருந்தது. அவன் வெள்ளிக்கிழமை கழற்றிப் போட்ட பச்சை டிஷர்ட் இரண்டு, கால்சட்டை ஒன்று. அழுக்குத் துணியை எப்படி அவன் வீட்டுக்குக் கொடுப்பது என்று, மரியாதை என்று நினைத்து, துவைத்து காயவைத்து இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தேன். பாட்டி அதை வாங்கி முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. துவைக்காதீர்கள். எதையும் துவைக்காமல், துடைக்காமல் அப்படியே பையில் போட்டுக் கொடுங்கள். துவைப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

மூன்று நாள் துக்கம், தோ பாயோவில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில். எங்களுக்கு முறை வைத்து அனுமதி கொடுத்தார்கள். சீனர் வீட்டுச் சாவுக்கு நான் அதுவரை போனதில்லை; என்ன செய்ய வேண்டும் என்று செக்‌ஷன் கூட்டாளிகள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும், 'பெக் கிம்' என்பார்கள், ஒற்றைப்படையில் இருக்கட்டும். ஊதுபத்தி ஏற்றுவது விருப்பம். தலை குனிந்து நின்றாலே போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மேஜையில் சிவப்பு நூல் துண்டுகள் இருக்கும், ஒன்று எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகும் முன் எறிந்துவிட வேண்டும். வேர்க்கடலை, மிட்டாய், பாக்கெட் பானம் வைத்திருப்பார்கள். சாப்பிடலாமா என்று தயங்காதீர்கள்.

இரவு முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும் என்பது வழக்கம். தூங்காமல் இருக்க சீட்டு விளையாடுவார்கள். முதல் இரவு எனக்கு அது ஏற்கவே இல்லை. பெட்டிக்குள் அவன் படுத்திருக்க, பத்தடி தள்ளி சீட்டா? ஆ பாயின் அப்பா டாக்சி ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். அவரே ஒரு கட்டு சீட்டைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தார். "சத்தம் போட்டு விளையாடுங்க. அவன் தனியா இல்லன்னு தெரியட்டும்" என்றார். விளையாடினோம். விடியற்காலை நான்கு மணிக்கு, அவன் போடும் முட்டாள்தனமான ஆட்டத்தை யாரோ அப்படியே போட்டுக் காட்ட, அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அழுதோம். இரண்டும் ஒரே மேஜையில்தான் நடந்தது.

எங்கள் பாட்டி ஈசூனில் எங்களோடுதான் இருந்தார். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பாட்டிக்கு அந்தக் காலத்துச் சந்தை மலாய் நன்றாக வரும். இரண்டாம் நாள், யாரும் கூப்பிடாமலே, "நானும் வர்றேன்" என்று கிளம்பினார். நேரே போய் ஆ பாயின் பாட்டி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா. அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். பாட்டி எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சி வாங்கிவந்து, கரண்டியைக் கையில் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் வந்து போன இடத்தில், இரண்டு நாளாக அவரைச் சாப்பிட வைத்தது எங்கள் பாட்டி ஒருவர்தான்.

மூன்றாம் நாள் மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்பும்போதுதான் எனக்குத் தெரியாத ஒரு வழக்கம் தெரிந்தது. பெரியவர்கள் சின்னவர்களை வழியனுப்பப் போகக் கூடாதாம். பாட்டியும் அப்பாவும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். நான் பெட்டியைத் தூக்கத் தயாராக நின்றேன். சார்ஜன்ட் என் தோளைத் தொட்டு, "நீ மேல போ. பாட்டி தனியா இருக்காங்க" என்றார். அவரை அந்த நிமிடம் வெறுத்தேன். என் ஜோடியை நான் தூக்காமல் வேறு யார் தூக்குவது? ஆனாலும் போனேன்.

ஒன்பதாவது மாடி. பாட்டி சமையலறை ஜன்னல் பக்கம், கீழே பார்க்காமல், அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஜியாக் பா புவே?"

அவன் இல்லாமல் முதல் தடவையாக அதைக் கேட்டேன். இல்லை என்று சொன்னேன். சோற்றைச் சூடு பண்ணி, முட்டை ஒன்று பொரித்துப் போட்டார். பசியே இல்லை. ஆனால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன், அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் உங்களுக்கு ஒன்று கொடுத்தால் 'வேண்டாம், உங்களுக்குச் சிரமம்' என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு அன்றைக்குச் செய்ய அந்த ஒரு வேலைதான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து அவன் அப்பா முகாம் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு ஒரு பவுடர் டின்னைக் கொடுத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த பையில் இரண்டு இருந்ததாம், ஒன்று நசுங்காமல் இருந்ததாம். "உனக்கு வாங்கினதுதானே." அதுவரை யாரிடமும் சொல்லாததை அங்கேயே சொல்லிவிட்டேன். நான் வாங்கச் சொன்னதால்தான் அவன் கடைக்குப் போனான், அதனால்தான் நேரமாகி வேகமாக வந்திருப்பான், நான் ரெண்டு என்று எழுதாமல் இருந்திருந்தால் என்று. அவர் பேசாமல் பர்ஸிலிருந்து ஒரு ரசீதை எடுத்தார். பையில் இருந்த கடை ரசீது. நேரம் 7.12. "வாங்கிட்டு வீட்டுக்கு வந்து பாட்டியோட உக்காந்து சாப்பிட்டான். எட்டே முக்காலுக்குத்தான் கிளம்பினான். நேரம் இருந்தது. அந்த வளைவுல தண்ணி நிக்கும். நான் முப்பது வருஷமா ஓட்டுற ரோடு, எனக்குத் தெரியும்" என்றார்.

அதற்காக மனசு அன்றே லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கேள்வி வரும்போது பதிலுக்கு ஒரு ரசீது இருந்தது. 'நான் அன்றைக்கு இப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்' என்று உள்ளே குடைந்துகொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன், நடந்தது தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் மனசு போட்டு வைத்திருக்கும் கணக்கில் பாதி நேரம் மணி கூடத் தப்பாக இருக்கும். சொல்ல ஆளில்லை என்றால் படையில் 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசி இருக்கிறது. வெளியே சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் உதவி எண் 1767 இருக்கிறது. கூப்பிட்டால் கோழை என்று நினைத்த காலத்தில் நான் இருந்தேன். எங்கள் பிளட்டூனில் முதலில் கூப்பிட்டது சார்ஜன்ட்தான். அதை அவரே எங்களிடம் சொன்னார், அதன்பிறகுதான் நான் போனேன்.

உறவினர்கள் சொன்னதில் எதுவும் உதவவில்லை. 'விதி' என்றார்கள். 'நல்லவேளை நீ பின்னாடி உக்காந்து வரல' என்றார் ஒருவர். அன்பில்தான் சொல்கிறார்கள், தெரியும். அப்பா ஒருவர்தான் ஒன்றும் சொல்லாமல், ஞாயிறு இரவு தானே காரில் கொண்டுவந்து முகாமில் விட்டார், இரண்டு மாதம்.

எனக்குப் புது ஜோடி கொடுத்தார்கள். அவனுக்கு நான் செய்தது அநியாயம். குழி தோண்டும்போது மெதுவாகத் தோண்டுகிறான் என்று எரிந்து விழுந்தேன், மை பூச வந்தபோது நானே பூசிக்கொள்கிறேன் என்றேன். காதுக்குப் பின்னால் மை படாமல் விட்டது நான், மாட்டிக்கொண்டது அவன்தான். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் இரவு நடைப்பயணத்தில் என் கால் கொப்புளம் உடைந்துவிட்டது. அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து பிளாஸ்டர் ஒட்டினான். அன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இறந்தவனின் இடத்தில் வந்து நிற்கிறவனுக்கும் கஷ்டம் உண்டு, அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

அப்போதெல்லாம் முகாமுக்குள் கேமரா போன் கொண்டுபோக முடியாது. அதனால் எங்கள் இருவருக்கும் முகாமில் எடுத்த படம் என்று ஒன்றும் இல்லை. தெக்கோங் பயிற்சியின் கடைசியில் 24 கிலோமீட்டர் நடந்து முடித்த அன்று அப்பா எடுத்தது ஒன்று இருக்கிறது, அதிலும் அவன் கண்ணை மூடியிருக்கிறான். பழைய நோக்கியாவில் இருந்த அவனுடைய எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் சட்டைப்பையில் வைக்கும் பச்சை நோட்டுப்புத்தகத்தில் தேதி போட்டுக் கையால் எழுதி வைத்தேன். போன் செத்துவிட்டது, நோட்டு இருக்கிறது. இன்றைக்கு உங்களிடம் ஆயிரம் படம் இருக்கும். குரல் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள், போன் மாற்றும்போது போய்விடும்.

சார்ஜன்ட் ஒரு பட்டியல் போட்டார், முப்பது பேருக்கும் முறை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, இரண்டு பேர் பாட்டியைப் பார்க்கப் போக வேண்டும். அரிசி மூட்டை தூக்க, பல்பு மாற்ற, கிளினிக்குக்குக் கூட்டிப் போக. சும்மா போய் உட்காருவது எங்கள் வயதுக்கு வராது, வேலை இருந்தால் வரும். சீனப் புத்தாண்டு அந்த வருடம் பிப்ரவரி 14. ஆரஞ்சுப் பழத்தோடு போகலாம் என்று நான் கிளம்பினேன். செக்‌ஷன் கூட்டாளி தடுத்தான். துக்க வீட்டுக்குப் புத்தாண்டு இல்லை, அவன் அப்பாவைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றான். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார். கேட்டுவிட்டுப் போனது நல்லதாயிற்று.

சேவை முடிந்ததும் முப்பது பேர் பத்தானது, பிறகு நான்கு. யாரையும் குறை சொல்ல மாட்டேன். வேலை, கல்யாணம், பிள்ளை. நாங்கள் நான்கு பேர் ஏப்ரல் மாதம், சீனர்கள் இறந்தவர்களை நினைத்து வணங்கும் சிங் மிங் நாளையொட்டி அவனுடைய அஸ்தி மாடத்துக்குப் போவோம், கூடவே பாட்டி. எங்கள் பாட்டிக்கு முடிந்தவரை அவரும் வந்தார். மாடத்தைத் துடைப்பது என் வேலை, மற்றவர்கள் உயரம் போதாது. ஆ பாயின் பாட்டி 2017இல் போனார். அந்தப் பெட்டியை நான் தூக்கினேன், பேரன்கள் வரிசையில் நின்று.

அக்கா மகனுக்கு நேற்றுத்தான் கடையில் வாங்கி வந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது மறுபடியும் கேட்டான், "ரெண்டு எதுக்கு மாமா? ஒன்னே ஒரு மாசம் வருமே."

"பக்கத்து பெட்டுல ஒருத்தன் இருப்பான்டா. அவன் வாங்க மறந்துட்டு வந்திருப்பான்" என்றேன்.

மார்க்கரை எடுத்து ஒரு டின்னில் தன் பெயரை எழுதினான். இன்னொன்றை என்ன செய்வதென்று என்னைப் பார்த்தான். அதில் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.